பாரதி ஸ்டேஷன் நிக்கிற கரைக்கு நார்வே அம்மா பேரு எப்படி வந்துச்சு? இங்க்ரிட் கிறிஸ்டென்சன் கோஸ்ட் பத்தி பேசுவோம்

மேப் கிறுக்கன்

இந்தியாவோட பாரதி ஆராய்ச்சி ஸ்டேஷன் எங்க இருக்குன்னு கேட்டா எல்லாரும் டக்குனு அண்டார்டிகா, லார்ஸ்மன் ஹில்ஸ்னு சொல்லிடுவாங்க. 2012 மார்ச்ல தொடங்கினது, 134 கன்டெய்னரை அடுக்கி கட்டினது, இதெல்லாம் பேப்பர்ல வந்த விஷயம். ஆனா மேப்ல கொஞ்சம் பின்னால தள்ளிப் போயி பாருங்க. ஸ்டேஷன் நிக்கிற மேட்டுக்குப் பேரு குரோவ்னெஸ், அது நார்வே பேரு. அது இருக்கிற கரை இங்க்ரிட் கிறிஸ்டென்சன் கோஸ்ட், அதுவும் நார்வே. அந்தக் கரைக்குப் பின்னால இருக்கிற மொத்த நிலமும் பிரின்சஸ் எலிசபெத் லேண்ட், அது இங்கிலாந்து. அந்த நிலத்துக்கு உரிமை கோர்றது ஆஸ்திரேலியா. பக்கத்துலயே ரஷ்யாவோட ப்ரோக்ரெஸ், சீனாவோட சொங்ஷான், கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் தள்ளி ஆஸ்திரேலியாவோட டேவிஸ்னு மத்த நாட்டு ஸ்டேஷன்கள்.

எனக்கு இது மண்டைய குடைஞ்சுகிட்டே இருந்துச்சு. தேடிப் படிச்சதுல கிடைச்சது இதுதான். 1935 பிப்ரவரி 20ஆம் தேதி கிளாரியஸ் மிக்கெல்சன்னு ஒரு நார்வே கேப்டன் தோர்ஷவ்ன்ங்கிற கப்பல்ல வந்து இந்தக் கரைய பாத்து, கரையேறி, கொடி நட்டு, முதலாளி லார்ஸ் கிறிஸ்டென்சனோட மனைவி பேரை வச்சிட்டுப் போனார். லார்ஸ் யாருன்னா திமிங்கில வேட்டைக் கம்பெனி ஓனர். அந்தக் கப்பல் ஆராய்ச்சிக் கப்பல் கூட கிடையாது, டேங்கர். வேட்டைக் கப்பல்களுக்கு எரிபொருள் கொண்டாந்து குடுத்துட்டு திரும்பும்போது திமிங்கில எண்ணெய ஏத்திகிட்டுப் போறது. போற வழியில கண்டுபிடிச்ச கரை.

என் கருத்து என்னன்னா, அண்டார்டிகா மேப்ல இருக்கிற பேரை எல்லாம் யாரு கண்டுபிடிச்சாங்கன்னு படிக்கக் கூடாது, யாரு காசு குடுத்தாங்க, அப்ப யாரு கூட போட்டின்னு படிக்கணும். மறுப்பு இருந்தா சொல்லுங்க.

சும்மா வந்தவன்

பொண்டாட்டி பேரை கரைக்கு வைக்கிறதுல என்ன பெரிய அதிசயம் தல, ஊர்ல வீட்டுக்கு வைக்கிறதில்லையா. அந்த பெங்குவினுக்கே ஒரு பிரெஞ்சு கேப்டன் பொண்டாட்டி பேருதானே.

மேப் கிறுக்கன்

ஆமா, த்யூமோன் த்யூர்வில் 1840ல. மனைவி அதெல். மொதல்ல கரைக்கு அடெலி லேண்ட், அப்புறம் அதே பேரு பெங்குவினுக்கு. அமெரிக்காக்காரர் ரிச்சர்ட் பேர்ட் 1929ல மேரி பேர்ட் லேண்ட், அதுவும் மனைவி பேருதான். ஆனா அந்த மனைவிங்க ரெண்டு பேரும் அண்டார்டிகா பக்கமே போனதில்ல. இங்க்ரிட் போனாங்க, அதுதான் வித்தியாசம்.

வடகடல்

வணக்கம். நான் நோர்வேயில இருக்கிறன், சான்டெஃபியோர்ட் எங்கட இடத்தில இருந்து கிட்டத்தான், அதால கொஞ்சம் சொல்லலாம் எண்டு நினைக்கிறன்.

லார்ஸ் கிறிஸ்டென்சன்ட ஊர் அதுதான். அவர் 1917ல கட்டிக் குடுத்த திமிங்கில மியூசியம் இண்டைக்கும் அங்க இருக்கு, உள்ளுக்குள்ள நீலத் திமிங்கிலம் ஒண்டு முழு அளவில செய்து தொங்க விட்டிருக்கினம், பிள்ளையளக் கூட்டிக்கொண்டு போனா அதுக்குக் கீழ இருந்து நகராதுகள். துறைமுகத்தில சதர்ன் ஆக்டர் எண்டு பழைய வேட்டைக் கப்பலும் நிக்குது. ஊரே அந்தக் காசில வளர்ந்த ஊர், ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்ல.

இங்க்ரிட் சும்மா முதலாளியின்ர மனுசி எண்டு மட்டும் நினைக்காதேங்கோ. அவ தோர் டால் எண்டு அந்த ஊர்ப் பெரிய வியாபாரியின்ர மகள். லார்ஸ் பிறகு நடத்தின கம்பனியின்ர பேரே தோர் டால். ஆறு பிள்ளையளப் பெத்து வளர்த்துக்கொண்டு 1931ல இருந்து 1937க்குள்ள நாலு தரம் அண்டார்டிக்கா போய் வந்தவ. 1931 பயணத்தில அவவும் மதில்டே வெகர் எண்ட இன்னொரு பொம்பிளையும் கண்டத்தக் கண்ணால கண்ட முதல் பொம்பிளையள் எண்டு சொல்லுவினம். அந்தப் பேருக்கு அவ தகுதிதான் எண்டது என்ர எண்ணம்.

நெய்தல்நிலா

//அந்தப் பேருக்கு அவ தகுதிதான்//

அக்காவா அண்ணாவா தெரியல, ஆனா இங்கதான் எனக்கு இடிக்குது. நாலு தடவை போனாங்க சரி, 1931, 33, 33-34, 36-37. இந்தக் கரைய கண்டுபிடிச்சது 1935 பிப்ரவரி, அதாவது 34-35 சீசன். அந்த சீசன்ல அவங்க கப்பல்லயே இல்ல!! கப்பல்ல இருந்த பொண்ணு யாருன்னா கேப்டனோட மனைவி கரோலின் மிக்கெல்சன், டென்மார்க்ல பொறந்தவங்க. அன்னைக்கு படகுல எறங்கி கரையேறி நார்வே கொடிய ஏத்தினதும் அவங்கதான். அண்டார்டிகால கால் வச்ச முதல் பொண்ணுன்னு ரொம்ப வருஷம் அவங்களதான் சொல்லிட்டு இருந்தாங்க. ஆனா கரைக்கு பேரு யாருது? முதலாளியம்மாவுது. கரோலினுக்கு என்ன குடுத்தாங்கன்னு தேடிப் பாத்தேன், ப்ரிட்ஸ் பே தெக்கு கரையில ஒரு மலை, மவுண்ட் கரோலின் மிக்கெல்சன். உயரம் 235 மீட்டர். நம்ம திருச்சி மலைக்கோட்டைய போல மூணு மடங்கு கூட வராது, அவ்ளோதான்.

சும்மா வந்தவன்

அந்த படகுல வேற யாரு இருந்தா, அவங்களுக்கு ஏதாச்சும் கெடச்சுதா

நெய்தல்நிலா

பல் டாக்டருக்கு கெடச்சுது. சீரியஸா. கரையேறின கூட்டத்துல லீஃப் சோர்ஸ்டால்னு ஒரு பல் டாக்டர் இருந்தார், பக்கத்துல இருக்கிற பனியாத்துக்கு சோர்ஸ்டால் கிளேசியர்னு பேரு வச்சிருக்காங்க. அத விட காமெடி ப்ரிட்ஸ் பே. அது ஒலாஃப் ப்ரிட்ஸ்னு சான்டெஃபியோர்ட்ல இருந்த திமிங்கில வேட்டைக்காரங்க இன்சூரன்ஸ் சங்கத்தோட மேனேஜர் பேரு. இன்சூரன்ஸ் மேனேஜருக்கு வளைகுடா, பல் டாக்டருக்கு பனியாறு, கொடி ஏத்தின அம்மாவுக்கு குன்று.

மேப் கிறுக்கன்

இன்சூரன்ஸ் மேனேஜர் எனக்கு புதுசு, நான் சொன்னதுக்கு இதவிட நல்ல சாட்சி வேணாம் 😄

ஆனா இது நார்வேக்காரங்க மட்டும் பண்ணின வேலை இல்ல. கரைக்கு மேற்கால போனீங்கன்னா மாக். ராபர்ட்சன் லேண்ட். அந்த ஆளு மெல்போர்ன்ல சாக்லேட் கம்பெனி வச்சிருந்த சர் மாக்பெர்சன் ராபர்ட்சன். டக்ளஸ் மாசன் 1929ல இருந்து 1931 வரைக்கும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூணு நாடும் சேந்து அனுப்பின பயணத்த டிஸ்கவரி கப்பல்ல நடத்தினார்ல, அதுக்கு பெரிய தொகை குடுத்தது இவர்தான். அதனால ஒரு பெரிய நிலத்துக்கு அவர் பேரு. பிரின்சஸ் எலிசபெத் லேண்டும் அதே பயணத்துல வச்ச பேருதான், 1931 பிப்ரவரி 9. அப்ப அந்தப் பாப்பாவுக்கு வயசு நாலு, பின்னால ராணியா ஆனவங்க. அதே மாசத்துல நார்வேக்காரங்க மேற்கால ஒரு கரைக்கு பிரின்சஸ் ராக்ன்ஹில்ட் கோஸ்ட்னு பேரு வச்சாங்க, அந்த இளவரசிக்கு ஒரு வயசு கூட முடியல.

இன்னொரு குழப்பம், 2012ல பிரிட்டன் அவங்க பக்கத்துல குயின் எலிசபெத் லேண்ட்னு ஒண்ணு வச்சாங்க. அது வேற, இது வேற, ரெண்டும் ஒரே அம்மா. கூகுள்ல தேடினா ரெண்டும் கலந்து வரும், ஜாக்கிரதை.

கப்பல்காரன்

முப்பது வருஷத்துக்கு மேல மெர்ச்சன்ட் ஷிப்ல இருந்தவன்ங்கிற முறையில ஒண்ணு சொல்றேன், கரைய "கண்டுபிடிச்சார்" "கண்டுபிடிச்சார்"னு எல்லாரும் எழுதுறீங்க, அங்க கண்டுபிடிக்கிறதுன்னா என்னன்னு யோசிச்சீங்களா. கடல் மேல மொதல்ல மிதக்கிற பனிக்கட்டி கூட்டம், அதுக்குப் பின்னால கரையோட ஒட்டி ஒறஞ்ச பனி, அதுக்கும் பின்னால பனிச்சுவர், அதுக்கு மேல வெள்ளையா ஒரு சரிவு, அந்த சரிவும் வானமும் ஒரே கலரு. எது நிலம் எது மேகம்னு சொல்றது கஷ்டம். குளிர் காத்து அடியில, கொஞ்சம் சூடான காத்து மேல இருந்தா தூரத்துல இருக்கிறது தூக்கலா தெரியும், தொடுவானத்துக்கு கீழ இருக்கிறது கூட மேல மிதந்து வரும். அமெரிக்கன் நேவியில வில்க்ஸ்னு ஒருத்தர் 1840ல நீளமா கரை பாத்தேன்னு சார்ட் போட்டார், அதுல சில இடத்துல பின்னால வந்தவங்க கப்பலையே ஓட்டிட்டு போனாங்க, நிலமே இல்ல.

அதனால தூரத்துல பாத்தா மட்டும் பத்தாது, எறங்கணும், இல்ல படம் எடுக்கணும். மிக்கெல்சன் விஷயத்துல அவருக்கு அதிர்ஷ்டம். அவர் வந்த பக்கம் இருக்கிற வெஸ்ட்ஃபோல்ட் ஹில்ஸ் கிட்டத்தட்ட 400 சதுர கிலோமீட்டர் பனியே இல்லாத பாறை. அண்டார்டிகா கரையில அப்படி கருப்பா பாறை தெரியிற எடம் ரொம்பக் கம்மி. பிப்ரவரி கடைசின்னா கரையோர பனியும் உடைஞ்சு கொஞ்சம் தண்ணி திறந்திருக்கும். படகு விட முடிஞ்சுது.

வடகடல்

வெஸ்ட்ஃபோல்ட் எண்டது சான்டெஃபியோர்ட் இருக்கிற மாவட்டத்தின்ர பேர். தங்கட ஊர்ப் பேரைத்தான் கொண்டுபோய் அங்க வைச்சிருக்கினம். குரோவ்னெஸ், ப்ரோக்னெஸ், ஸ்டோர்னெஸ் எண்டு முடியிறதெல்லாம் கடலுக்குள்ள நீட்டிக்கொண்டு நிக்கிற முனையளுக்கு இஞ்ச வைக்கிற பேர்தான், எங்கட வீட்டுக்குப் பக்கத்திலயும் ரெண்டு மூண்டு நெஸ் இருக்கு.

பாறை பேராண்டி

ஸ்டோர்னெஸ் பேரு வந்ததால ஒரு சின்ன தகவல், அந்த முனை இப்ப சிறப்பு பாதுகாப்புப் பகுதி, 2014ல அறிவிச்சது. காரணம் பெங்குவின் இல்ல, கல்லு. போரான், பாஸ்பேட் கனிமங்கள் உலகத்துல வேற எங்கயும் இவ்ளோ வகை ஒரே எடத்துல கெடைக்கிறது அபூர்வம். பாரதிக்கு அடுத்த முனைதான். கோண்ட்வானா காலத்துல நம்ம கிழக்குக் கரையும் கிழக்கு அண்டார்டிகாவும் ஒட்டிகிட்டு இருந்ததால நம்ம ஜியாலஜிஸ்டுகளுக்கு அந்த எடம் மேல தனிப் பாசம். சரி இது வேற டாபிக், தொடருங்க.

சும்மா வந்தவன்

தல ஒரு டவுட். நார்வேக்காரன் கொடிய நட்டான் பேரை வச்சான் எல்லாம் சரி, அப்ப அந்த எடம் ஏன் நார்வேயோடதா இல்ல? ஆஸ்திரேலியா எப்படி உள்ள வந்துச்சு

மேப் கிறுக்கன்

இதுதான் மேட்டர். நிதானமா படிங்க, கொஞ்சம் நீளம்.

1920கள்ல திமிங்கில எண்ணெய்ல சோப்பு, மார்கரின் எல்லாம் செஞ்சாங்க, செம டிமாண்டு. பிரிட்டன் என்ன பண்ணுச்சுன்னா தெற்குத் தீவுகள், ராஸ் கடல் பக்கமெல்லாம் எங்க ஏரியான்னு சொல்லி லைசென்ஸ் ஃபீஸ் வாங்கிட்டு இருந்துச்சு. வேட்டையாடினது பெரும்பாலும் நார்வேக்காரங்க, வரி வாங்கினது பிரிட்டன். 1925ல லான்சிங்ங்கிற கப்பல் பின்பக்கம் சரிவு வச்சு திமிங்கிலத்த அப்படியே டெக்குக்கு இழுத்து நடுக்கடல்லயே வெட்டி எண்ணெய் எடுக்கிற மாதிரி வந்துச்சு. அதுக்கப்புறம் கரையே வேணாம், லைசென்ஸும் வேணாம். 1930-31ல ஒரே சீசன்ல அண்டார்டிகா கடல்ல சுமார் 40,000 திமிங்கிலம், அதுல முக்கால்வாசிக்கு கொஞ்சம் கம்மி நீலத் திமிங்கிலம். படிக்கும்போதே வயிறு கலங்குது.

கரை வேணாம்னாலும் யாரோ அந்தக் கரைய எடுத்துகிட்டு நாளைக்கு வரி கேட்டா? அந்த பயத்துலதான் லார்ஸ் கிறிஸ்டென்சன் தன் சொந்தக் காசுல 1927ல இருந்து நோர்வேஜியாங்கிற கப்பல அனுப்பி தீவு தீவா, கரை கரையா பேரு வைக்க ஆரம்பிச்சார். பூவே தீவு, முதலாம் பீட்டர் தீவு எல்லாம் நார்வேக்கு அப்படி போனதுதான். எதிர்ப் பக்கம் மாசன். 1930 ஜனவரி 14ஆம் தேதி ரெண்டு கப்பலும் பனிக்கடல்ல நேருக்கு நேர் சந்திச்சுது, நோர்வேஜியாவுல ரீசர் லார்சன், டிஸ்கவரில மாசன். பேசினாங்க. அப்புறம் அவர் மேற்கால, இவர் கிழக்காலன்னு பிரிஞ்சு போனாங்க.

பிரிட்டன் 1933ல ஒரு உத்தரவு போட்டு கிழக்கு 45 டிகிரில இருந்து 160 டிகிரி வரைக்கும், நடுவுல பிரான்ஸோட அடெலி லேண்ட விட்டுட்டு, மொத்தத்தையும் ஆஸ்திரேலியாவுக்கு குடுத்துச்சு, 1936ல அமலுக்கு வந்துச்சு. இங்க்ரிட் கோஸ்ட் கிழக்கு 72 டிகிரி சொச்சத்துல இருந்து 81 டிகிரி சொச்சம் வரைக்கும். முழுசா அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. நார்வே 1939ல குயின் மாட் லேண்டை எடுத்துகிட்டப்ப கூட சரியா 45 டிகிரியோட நிறுத்திக்கிச்சு. மிக்கெல்சன் நட்ட கொடி அரசாங்க உரிமையா மாறவே இல்ல. பேரு மட்டும் தங்கிடுச்சு. ஆஸ்திரேலியாவும் அந்தப் பேரை அழிக்கல.

சும்மா வந்தவன்

புறம்போக்குல கல்லு நட்டுட்டு போற கதை மாதிரியே இருக்கு. பட்டா ஒருத்தன், கல்லு ஒருத்தன், குடியிருக்கிறது நாலு பேரு.

கப்பல்காரன்

இதுல 1939 ஜனவரிய விட்டுட்டீங்களே கிறுக்கன் சார். அந்த ஒரு மாசத்த மட்டும் தனியா எழுதலாம்.

அமெரிக்க கோடீஸ்வரர் லிங்கன் எல்ஸ்வொர்த் அந்த ஜனவரியில இதே கரைக்கு வர்றார், இந்தக் கரைக்குப் பின்னால உள்நாட்டுக்குள்ள விமானத்துல பறக்கிறார், ஜனவரி 11ஆம் தேதி அந்த மேட்டு நிலத்த அமெரிக்காவுக்குன்னு கோரி அமெரிக்கன் ஹைலேண்ட்னு பேரு வைக்கிறார், இன்னைக்கும் மேப்ல இருக்கு. அவரோட கப்பல்ல ஆலோசகரா வந்தவர் ஹூபர்ட் வில்கின்ஸ், ஆஸ்திரேலியாக்காரர். முதலாளி மேல பறக்கிறப்ப இவர் கீழ என்ன பண்றார்னா வெஸ்ட்ஃபோல்ட் ஹில்ஸ்ல கரையேறி ஆஸ்திரேலியாவோட உரிமைய மறுபடி உறுதி பண்ணி எழுதி, கொடியோட ஒரு டப்பாவுல போட்டு கல்லுக் குவியலுக்குள்ள வைக்கிறார். கூட ஒரு ஆஸ்திரேலிய பத்திரிகையும், பேரு வாக்அபௌட். 1957ல டேவிஸ் ஸ்டேஷன் ஆரம்பிச்ச வருஷம் ஆஸ்திரேலிய குழு அத கண்டெடுத்துச்சு. அந்தப் பாறைக்கு வாக்அபௌட் ராக்ஸ்னு பேரு வந்தது அந்தப் பத்திரிகையாலதான். சம்பளம் குடுக்கிற ஆளு ஒரு நாட்டுக்கு கேக்கிறான், சம்பளம் வாங்கினவன் அதே கரையில இன்னொரு நாட்டுக்கு எழுதி வைக்கிறான்.

மூணு நாள் கழிச்சு ஜனவரி 14 நார்வேயோட அறிவிப்பு. அதுக்கு சில நாள்லயே ஜெர்மன் கப்பல் ஷ்வாபன்லாண்ட், கேப்டன் ரிட்ஷர், ரெண்டு டோர்னியர் விமானத்த விட்டு குயின் மாட் லேண்ட்ல ஒரு பெரிய பகுதிய படம் புடிச்சு, அலுமினிய அம்புல ஸ்வஸ்திகா போட்டு மேல இருந்து போடுறாங்க. நம்ம மைத்ரி ஸ்டேஷன் இருக்கிற ஷிர்மாகர் ஓயசிஸ் அந்தக் குழுவுல இருந்த ஒரு பைலட்டோட பேரு.

மேப் கிறுக்கன்

வாக்அபௌட் கதை 👌 பத்திரிகை பேருல பாறைன்னதும் ஞாபகம் வருது, இதே கரையில இன்னும் சில பனியாறுகளுக்கு பத்திரிகை பேருதான். போலார் ரெக்கார்ட் கிளேசியர், போலார் டைம்ஸ் கிளேசியர், போலார்ஃபோர்ஷுங் கிளேசியர். 1946-47ல அமெரிக்கன் நேவி ஹைஜம்ப்னு ஒரு பெரிய ஆப்பரேஷன்ல மேல இருந்து எடுத்த படங்கள வச்சு ஜான் ராஸ்கோன்னு ஒருத்தர் 1952ல கோடு போட்டு மேப் பண்ணினார். துருவ ஆராய்ச்சிப் பத்திரிகைகளோட பேர எல்லாம் வரிசையா வச்சுட்டார். முதலாளி, மனைவி, இன்சூரன்ஸ், பல் டாக்டர், இப்ப சந்தா கட்டின பத்திரிகை.

நெய்தல்நிலா

எல்லாரும் ஆம்பளைங்க போட்டிய பத்தியே சுத்துறீங்க, நான் கரோலின் கதைய முடிக்கல.

கிளாரியஸ் 1941ல இறந்துட்டார். கரோலின் மறுபடி கல்யாணம் பண்ணிகிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பயணத்த பத்தி வெளியில பேசவே இல்ல, பயணம் முடிஞ்சு அறுபது வருஷம்!! 1995லதான் ஒரு நார்வே பத்திரிகைக்கு பேசினாங்க. அதே வருஷம்தான் ஆஸ்திரேலிய குழு 1935ல மிக்கெல்சன் குழு வச்ச கல்லுக் குவியலையும் மரக் கம்பத்தையும் மறுபடி பாத்துச்சு, அதுக்கு முன்னாடி 1957ல ஒரு தடவை பாத்திருக்காங்க. இப்ப அது அண்டார்டிக் ஒப்பந்தத்தோட வரலாற்றுச் சின்னங்கள் பட்டியல்ல 72ஆம் நம்பர். வில்கின்ஸ் வச்ச குவியல் 6ஆம் நம்பர்.

ஆனா மிக்கெல்சன் குவியல் இருக்கிற எடம் ட்ரின் தீவுகள். தீவு! கண்டத்தோட கரையில இருந்து சில கிலோமீட்டர் தள்ளி. 1990கள் கடைசியில ஆராய்ச்சியாளர்கள் மிக்கெல்சனோட பதிவையும் எடத்தையும் ஒப்பிட்டுப் பாத்து அவங்க எறங்கினது இந்தத் தீவுலதான், கண்டத்துல இல்லன்னு எழுதிட்டாங்க. உடனே கண்டத்துல கால் வச்ச முதல் பொண்ணுங்கிற பட்டம் யாருக்கு போச்சு தெரியுமா? இங்க்ரிட் கிறிஸ்டென்சனுக்கு. 1937 ஜனவரி 30, ஸ்கல்லின் மோனோலித்ங்கிற பாறையில எறங்கினாங்க. அதாவது கரைக்கான பேரும் போச்சு, பட்டமும் போச்சு, ரெண்டும் அதே முதலாளியம்மாவுக்கு. எனக்கு இது அநியாயமா தெரியுது.

வடகடல்

நான் அக்கா தான் பிள்ளை 😊

உங்கட கோவம் விளங்குது, ஆனா இங்க்ரிட்டில பிழை இல்ல எல்லோ. பட்டத்த அவ கேக்கவே இல்ல. 36-37 பயணத்தில அவவோட மகள் அவ்குஸ்டா சோஃபி, லில்லெமோர் ராக்லெவ், விமானி விக்கோ விடெரோவின்ர மனுசி சோல்வெய்க் எண்டு மொத்தம் நாலு பொம்பிளையள் போனவை. அந்தப் பயணத்திலதான் விடெரோ விமானத்தில இருந்து கரையின்ர படங்கள் ஆயிரக்கணக்கில எடுத்தவர், அந்தப் படங்கள வைச்சு 1946ல நோர்வேயில அட்லஸ் ஒண்டு வெளிவந்தது. வெறும் கொடி நடுறத விட அது பெரிய வேலை. குரோவ்னெஸ், ஸ்டோர்னெஸ் போல கனக்கப் பேர் அந்தப் படங்களப் பாத்துத்தான் வைச்சது. பின்னால ஆஸ்திரேலியா டேவிஸ் ஸ்டேசனுக்கு இடம் பாக்கேக்கையும் இந்தக் கரைக்கு இருந்த நல்ல வரைபடங்களில இதுவும் ஒண்டு.

மேப் கிறுக்கன்

//கரைக்கான பேரும் போச்சு, பட்டமும் போச்சு//

ஸ்கல்லின் மோனோலித் எங்க இருக்குன்னு பாத்தீங்கன்னா இன்னும் தலை சுத்தும். அந்தப் பாறைய 1931ல நார்வே வேட்டைக் கப்பல்காரங்க பாத்து, டோர்லின் கப்பல் கேப்டனா இருந்த ஒருத்தர் பேரை வச்சாங்க. யாரு? நம்ம கிளாரியஸ் மிக்கெல்சனேதான். அதே வருஷம் பிப்ரவரி 13ஆம் தேதி மாசன் வந்து அதே பாறைக்கு அப்ப ஆஸ்திரேலிய பிரதமரா இருந்த ஸ்கல்லின் பேரை வச்சார். கடைசில பஞ்சாயத்து பண்ணி பாறைக்கு ஸ்கல்லின், அதோட உச்சிக்கு மட்டும் மிக்கெல்சன் பீக்னு முடிச்சாங்க. பக்கத்துல இருக்கிற மர்ரே மோனோலித்துக்கும் இதே கதை, அங்க நார்வேக்காரங்க வச்சது டோர்லின்.

இப்ப கரை எல்லையப் பாருங்க. மேற்கால இருந்து மர்ரே வரைக்கும் மாசன் கோஸ்ட். மர்ரேல இருந்து கிழக்கால லார்ஸ் கிறிஸ்டென்சன் கோஸ்ட். ஸ்கல்லின் மர்ரேக்கு சில கிலோமீட்டர் மேற்கால. ஆக இங்க்ரிட் அம்மா கால் வச்சது தன் பேருல இருக்கிற கரையிலயும் இல்ல, புருஷன் பேருல இருக்கிற கரையிலயும் இல்ல. போட்டிக்காரன் மாசன் பேருல இருக்கிற கரையில, கரோலின் புருஷன் பேருல இருக்கிற உச்சிக்கு அடியில.

சும்மா வந்தவன்

யோவ் இத சீரியலா எடுத்தா ரெண்டு வருஷம் ஓடும்யா

கப்பல்காரன்

தீவுல எறங்கினா கணக்கு இல்லைங்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். அந்த வெஸ்ட்ஃபோல்ட் பக்கம் பூரா தீவும் முனையும் ஃபியோர்டும் பின்னிக் கிடக்கு, நடுவுல இருக்கிற தண்ணி வருஷத்துல பெரும்பாலும் ஒறஞ்சு போய் நடந்தே போகலாம். 1935ல சார்ட்டே இல்ல, அவங்கதான் மொதல் ஆளு. எது தீவு எது கண்டம்னு படகுல இருந்து எப்படி தெரியும். பனித்திட்டு மேல எறங்கினவங்கள எல்லாம் அண்டார்டிகா போனதா கணக்கு வைக்கிறோம், அது கடல் மேல மிதக்கிறது. பாறைத் தீவுல எறங்கினா மட்டும் கழிச்சுடுவோமா.

நெய்தல்நிலா

கப்பல்காரன் அண்ணே 🙏 இததான் நானும் சொல்ல வந்தேன். அந்த 72ஆம் நம்பர் சின்னத்தோட விவரத்துல கூட "கிழக்கு அண்டார்டிகாவுல கால் வச்ச முதல் பெண்"ன்னுதான் கரோலின பத்தி எழுதியிருக்கு, கண்டம்னு இல்ல. யாரோ யோசிச்சு எழுதியிருக்காங்க.

பாறை பேராண்டி

நான் இதுல இங்க்ரிட் பக்கம்தான். கண்டம்னா கண்டம், அளவுகோல் ஒண்ணு வச்சா எல்லாருக்கும் அதேதான் வைக்கணும். ஸ்கல்லின்ல எறங்கறதும் சும்மா இல்ல, கடல்ல இருந்து செங்குத்தா 400 மீட்டருக்கு மேல நிக்கிற பாறை, அலை அடிக்கும், கரைன்னு சமதளமே கிடையாது, பூரா பெட்ரல் பறவையும் பெங்குவினும். கரோலினுக்கு கொடி ஏத்தின பெருமை இருக்கு, அத யாரும் எடுக்கல. கரைப் பேருக்கும் முதல் பொண்ணு பட்டத்துக்கும் சம்பந்தமே இல்ல, நீங்கதான் ரெண்டையும் சேத்து குழப்புறீங்க.

நெய்தல்நிலா

சம்பந்தம் இல்லையா? கப்பல் கேப்டனோட மனைவிக்கு குன்று, கப்பல் ஓனரோட மனைவிக்கு ஒன்பது டிகிரி நீளத்துக்கு கரை. அளவுகோல பத்தி பேசுறீங்கல்ல, இதுக்கு என்ன அளவுகோல்னு சொல்லுங்க.

பாறை பேராண்டி

அதுக்கு அளவுகோல் காசுதான்னு த்ரெட் ஆரம்பிச்சவரே மொதல் பதிவுல சொல்லிட்டாரே.

சும்மா வந்தவன்

அப்ப நம்ம ஆளுங்க ஸ்டேஷன் வச்சிருக்கோம்ல, பேரை மாத்தி ஏதாச்சும் வச்சுட வேண்டியதுதானே

மேப் கிறுக்கன்

அப்படி மாத்த முடியாது, மாத்தவும் வேணாம். 1959ல கையெழுத்தாகி 1961ல அமலுக்கு வந்த ஒப்பந்தத்துல நாலாவது பிரிவு எல்லாரோட உரிமைக் கோரிக்கையையும் இருக்கிற நிலையில நிறுத்தி வச்சிருச்சு, புதுசா யாரும் கேக்கவும் முடியாது. இந்தியா 1983ல சேந்துச்சு. பேரு விஷயத்துல ஒவ்வொரு நாடும் தனித்தனி பட்டியல் வச்சிருக்கு, எல்லாத்தையும் சேத்து அண்டார்டிக் அறிவியல் குழு ஒரே பொதுப் பட்டியலா போடுது. அதனால ஒரே பாறைக்கு மூணு மொழியில மூணு பேரு இருக்கிறது சகஜம். நம்மளும் சிலது வச்சிருக்கோம், மைத்ரி பக்கத்துல இருக்கிற ஏரிக்கு பிரியதர்ஷினின்னு பேரு, அந்தத் தண்ணியதான் குடிக்கிறாங்க. லார்ஸ்மன் ஹில்ஸ 2007ல இருந்து ஆஸ்திரேலியா, சீனா, இந்தியா, ருமேனியா, ரஷ்யா அஞ்சு நாடும் சேந்து ஒரே நிர்வாகப் பகுதியா பாத்துக்கிறாங்க. சண்டை போட்ட கரையில இப்ப குப்பை எப்படி அள்ளுறதுன்னு மீட்டிங்.

நெய்தல்நிலா

பேரு மாத்த நானும் சொல்லல. ஆனா அந்தக் கரையோட பொண்ணுங்க கதை 1937ல முடிஞ்ச மாதிரி பேசாதீங்க. பாரதில இஸ்ரோவோட சாட்டிலைட் கிரவுண்ட் ஸ்டேஷன் இருக்குல்ல, அதுக்காக மங்களா மணி 2016-17ல போயி 403 நாள் இருந்தாங்க. குளிர்காலம் முழுக்க. வயசு அப்ப 56. குழுவுல அவங்க ஒருத்தர்தான் பொண்ணு. இங்க்ரிட்டும் கரோலினும் சில மணி நேரம் எறங்கிட்டு கப்பலுக்குத் திரும்பினவங்க.

வடகடல்

அருமை. நாலு பொம்பிளையள் எண்டு சொன்னனான் தானே, அவையின்ர பேரில ஒரு இடம் இருக்கெண்டு இஞ்ச ஒருத்தரும் சொல்லேல்ல. ப்ரிட்ஸ் பேயின்ர வாசலில கடலுக்கு அடியில ஒரு மேடு, நாலு பெண்கள் மேடு எண்டு. நோர்வே மொழியில வைச்சத அப்பிடியே இங்கிலீசுக்கும் மாத்தியிருக்கினம்.

கப்பல்காரன்

அந்த மேடு எனக்கு சார்ட்ல பழக்கம், ஃபோர் லேடீஸ் பேங்க். சுத்தி இருக்கிற கடலை விட ஆழம் கம்மி, பெரிய பனிமலைங்க மிதந்து வந்து அது மேல தட்டி அப்படியே நின்னுடும், வருஷக்கணக்குல நிக்கிறதும் உண்டு. பாரதிக்கோ ப்ரோக்ரெஸுக்கோ சொங்ஷானுக்கோ சாமான் கொண்டு போற கப்பல் எல்லாம் அந்தப் பக்கம் கவனமாத்தான் வழி போடணும். கரைக்குப் பேரு இங்க்ரிட்டா கரோலினாங்கிறது எந்த கேப்டனுக்கும் கவலை இல்ல, அந்த நாலு பேரோட மேடு எங்க இருக்குன்னு தெரியாம உள்ள போனா வேலை போயிடும்.

சும்மா வந்தவன்

சரி அந்த பல் டாக்டர் அங்க யாருக்குப் பல்லு புடுங்கினார்னு யாராச்சும் தேடுங்கப்பா, எனக்கு அதுதான் தூக்கம் வரல